கதிரையில் உட்கார்ந்தவள்

வேலாயி செத்துப்போன சேதி வேலாயிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் அழுது முடித்து, மொட்டை போட்டு, கருமாதிச் சோறும் தின்று கை கழுவிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு நாள் கண்டி வாவிக்கரையில், பட்டப்பகலில், அவளுடைய அக்காள் புருஷன் வீரையா அவளைக் கண்டு தலைப்பாகை அவிழ ஓடினான். ஆனால் இந்தக் கதையை ஓடினவனிடமிருந்து தொடங்கினால் ஒன்றும் விளங்காது. உட்கார்ந்தவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்பிட்டியப் பாதை மேடேறுகிற இடத்தில் ஒரு பிரபுவின் பழைய மாளிகையை மியூசியமாக்கி வைத்திருந்தார்கள். தந்தச் சீப்பு, துருப்பிடித்த வாள், எந்த ராசா காலத்ததென்று யாருக்கும் தெரியாத பல்லக்கு, இவைதாம் உள்ளே. முப்பதுகளின் தொடக்கத்தில் வந்த புதிய கியூரேட்டர் துரைக்கு அது போதவில்லை. செத்தவர்கள் செய்ததையே எத்தனை நாள் காட்டுவது, உயிரோடிருக்கிற சித்திரக்காரர்களின் புதுச் சித்திரங்களையும் பெரஹரா ஊர்வலக் காலத்தில் காட்டுவோம் என்று கிளம்பினார். வருஷந்தோறும் நடந்தது. அந்தச் சித்திரங்களில் மாடு சிவப்பாக இருக்கும், மரம் ஊதாவாக இருக்கும், மனிதனுக்கு மூக்கு இருந்தால் காது இருக்காது. கண்டிப் பெரிய மனிதர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து "ஆகா" என்பார்கள். விளங்கிச் சொன்னார்களா விளங்காமல் சொன்னார்களா என்பது அவரவர் மனச்சாட்சிக்கு.

அந்த மியூசியத்தைக் கூட்டிப் பெருக்கியவள் வேலாயி. அதற்கு முன்னால் கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். புருஷன் கறுப்பையா காய்ச்சலில் போனான். கைக்குழந்தையோடு தனியாய் நின்றவளைக் கண்ட பெரிய கங்காணி, வேலை நேரம் போக அவளுடைய மிச்ச நேரமும் தன்னுடையது என்று நினைத்தான். புல்லறுக்கப் போன இடத்தில் ஒரு நாள் கையைப் பிடித்தான். அவளுடைய மற்றக் கையில் அரிவாள் இருந்தது, அவன் உள்ளங்கை பிளந்தது. குழந்தை புஷ்பத்தை அக்காள் ரத்தினம்மாவின் மடியில் போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் வேலாயி மலையிறங்கினாள். கங்காணி தன் கையைக் கட்டிக்கொண்டு, அவள் ஒரு வண்டிக்காரனோடு ஓடிப்போனாள் என்று ஊருக்குச் சொன்னான். தோட்டத்தில் கங்காணி சொல்லுக்கு மறுசொல் ஏது? அன்றிலிருந்து அவள் ஓடுகாலி.

கண்டியில் அவளுக்கு வழிகாட்டியவர் மியூசியத்து வாச்சர் முஹைதீன். அவருடைய மனைவி உம்மு குல்சும் வீட்டின் பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தாள். முஹைதீனின் மச்சானுக்குக் கெலிஓயாவில் கடை இருந்தது. அவர் வழியாக வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை ரத்தினம்மாவிடமிருந்து ரகசியமாகச் சேதி வரும். பிள்ளைக்குப் பல் விழுந்தது, பிள்ளை கொழுந்துக்குப் போகத் தொடங்கிவிட்டாள், பிள்ளை பெரியவளானாள். ஒவ்வொரு சேதிக்கும் வேலாயி ஒரு மூச்சு அழுவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அண்ணன் முறையில் நானா என்று அவள் கூப்பிடும் முஹைதீனிடம், "அந்தக் கங்காணி ஒரு நாள் சாகாமலா போவான்? அன்னைக்குப் போயிருவேன் நானா. எம்மக கல்யாணத்துல நான் தாயா நின்னு பார்க்கணும்" என்பாள். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநான்காம் ஆண்டுக் கண்காட்சிக்குச் சில வாரங்கள் முன்னால், எவர்ட்ஸ் மாத்தையா என்ற பறங்கிச் சித்திரக்காரர் மியூசியத்தின் பின்கட்டில் வந்து தங்கி வரைந்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் கூட்டிக்கொண்டிருந்த வேலாயியைக் கூப்பிட்டு, முதுகு உயர்ந்த ஒரு பழைய கதிரையைக் காட்டினார்.

"உட்காரு."

"கீழ உக்காந்துக்கிறேங்க."

"கீழே வேண்டாம். இதில் உட்காரு."

"வேணாங்க மாத்தையா. அதெல்லாம் எங்களுக்கு ஆகாதுங்க."

ஏன் ஆகாது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. தோட்டத்தில் கதிரை துரைக்கு ஒன்று, பெரிய கிளாக்கருக்கு ஒன்று. கூலிக்காரி குந்துவாள், சம்மணம் போடுவாள், நிற்பாள். அவளுக்கும் ஒரு நாள் கதிரை கிடைக்கும், அது அவள் செத்த அன்றைக்கு. குளிப்பாட்டி, கதிரையில் உட்காரவைத்து, சாயாமல் துணியால் கட்டி, மாலை போட்டு, கையில் கொஞ்சம் இருக்கிற வீடாக இருந்தால் டவுனிலிருந்து படம் பிடிக்கிறவனையும் கூட்டி வருவார்கள். அவளுக்கென்று இருக்கப்போகிற ஒரே படம் அதுதான். கண் மூடியிருக்கும், கழுத்தில் பூ இருக்கும்.

துரைமார் சொன்னால் தட்ட முடியுமா? வேலாயி உட்கார்ந்தாள். விடியலிலிருந்து வேலை செய்த உடம்பு, கதிரை முதுகைத் தாங்கியது, வெளியே மழை பிசுபிசுத்தது. அவள் தூங்கிப்போனாள்.

விழித்துப் பார்த்தபோது எதிரே சித்திரத் துணியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் பச்சையும் நீலமுமாக, தண்ணீரில் ஊறியெடுத்தது போல் இருந்தது. கண் மூடியிருந்தது. கைகள் மடியில் விழுந்து கிடந்தன.

"இது யாருங்க மாத்தையா?"

"நீதான்."

"கண்ணு?"

"நீ மூடிக்கொண்டாய். நான் என்ன செய்ய?" என்று எவர்ட்ஸ் மாத்தையா சிரித்தார். நல்ல மனிதர்தான். தன் வாழ்நாளிலேயே சிறந்த சித்திரம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. வேலாயிக்கு அன்றைக்கு ராச்சோறு இறங்கவில்லை.

முஹைதீனிடம் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "உருவம் எழுதினவனுக்கு கியாமத்து நாளையில, அல்லாஹ் கணக்குக் கேக்கிற நாளையில, ஒரு வேல ஈக்கிது தங்கச்சி. 'நீ எழுதினத்துக்கு ரூஹ் ஊது, உசிரு குடு' ண்டு சொல்லுவானாம். ஊத ஏலுமா? ஏலாது. அப்ப அந்த உருவம் எங்கால சரி ஒரு ரூஹைத் தேடத்தானே செய்யும்?" கடைசி வாக்கியம் எந்தக் கிதாபிலும் இல்லை, முஹைதீன் சேர்த்தது. ஆனாலும் வேலாயிக்கு மனதில் நின்றது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

கண்காட்சி திறந்த நாளில் கூட்டுகிறவர்கள், கழுவுகிறவர்கள் எல்லாரையும் பெரியவர்கள் கண்ணில் படாமல் குசினி முற்றத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். திறந்துவைக்க வந்த துரைசானிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கழுத்து அரித்தது போலிருக்கிறது. சித்திரங்களைச் சுற்றிப் பார்த்து, கதிரைக்காரியின் முன்னால் நின்று, "இதுதான் எல்லாவற்றிலும் மேல்" என்று சொல்லி, மாலையைக் கழற்றி அந்தச் சட்டத்திலேயே மாட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று பின்னேரம் வீரையா வந்தான். பெரஹரா பார்க்க மட்டும் வரவில்லை. பெரிய கங்காணி செத்துப்போயிருந்தான். இனிப் பயமில்லை, வீட்டுக்கு வா என்று, ரத்தினம்மாவிடம் இடம் கேட்டுக்கொண்டு, மச்சினியைக் கூட்டிப்போகத்தான் வந்தான். கேட்டில் யாரும் தடுக்கவில்லை, பெரஹராக் காலத்தில் சனத்தை உள்ளே விடுவார்கள். பயந்து பயந்து, சுவரோரமாக நடந்து, கடைசி அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

அங்கே வேலாயி கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கண் மூடி, உடம்பு நீலம் பாரித்து, சாமந்தி மாலையோடு.

வீரையா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கண்ணால் கண்டதற்குச் சாட்சி எதற்கு? வேலை செய்த இடத்திலேயே செத்திருக்கிறாள், துரைமார் நல்லவர்கள், மரியாதையாகப் படமெடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தலைத்துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அழுத அறைக்கும் வேலாயி தேங்காய் துருவிக்கொண்டிருந்த குசினி முற்றத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

ஒரு கிழமை கழித்து ஒரு காலையில் வேலாயி வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று உடம்பெல்லாம் தீப்பட்டது போல் எரிந்தது. துணி கருகுகிற வாடை அடித்தது. தன் சேலையைத்தான் உதறிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. உம்மு குல்சும் வந்து நெற்றியில் கைவைத்து, "காய்ச்சலே இல்லியே, உடம்பு பச்சத்தண்ணியா ஈக்கிது" என்றாள். பிறகு வந்த நாட்களில் ஒரு நாள் முழுக்க அவளுக்குப் பசியே எடுக்கவில்லை, விருந்து தின்றவள் போல் வயிறு நிறைந்து கிடந்தது. அது என்ன நாளென்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. கண்டிப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு சாவு. கெலிஓயாக் கடையைப் பூட்டிவிட்டு முஹைதீனின் மச்சானும் படுத்துவிட்டார், தோட்டத்துச் சேதி நின்றுபோனது. அந்த நாட்களில்தான் ஒரு புதிய கூத்து தொடங்கியது. கண்காட்சி முடிந்தபின் மியூசியமே விலைக்கு வாங்கி மாட்டிவைத்த அந்தச் சித்திரத்தைப் பார்க்க, அவளை அறியாத வேறு தோட்டத்துச் சனங்கள் வரத் தொடங்கினார்கள். வெறுங்கையோடு வரவில்லை. சாமந்தி, வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம். படத்தின் அடியில் வைத்துவிட்டு, "கதிரையம்மா, எம்புள்ளயக் காப்பாத்து" என்று விழுந்து கும்பிட்டார்கள். அகாலத்தில் செத்த பெண் தெய்வமாவது நம் சனங்களிடம் புதுசு இல்லையே. அந்தச் சாமிக்குத் தாங்கள் வைத்த பெயரைத் தவிர வேறு பெயர் இருந்ததாக அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சாமி பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்பதும் தெரியாது.

கியூரேட்டர் துரை கண்டுகொள்ளவில்லை. வருஷமெல்லாம் ஈ ஓட்டிய மியூசியத்துக்குக் கூட்டம் வந்தால் அவருக்கென்ன? சூடம் மட்டும் கொளுத்தக் கூடாது என்றார். கும்பிட்டவர்கள் போனபின் பூவைக் கூட்டி அள்ளுவது வேலாயி. ஏன் இந்தச் சனங்கள் இதைக் கும்பிடுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாள். பொங்கலும் பழமும் படத்தின் முன்னால் வைக்கப்பட்ட நாட்களில் அவளுக்குப் பசிப்பதில்லை.

முஹைதீன் வேறொன்றைக் கவனித்தார். "நீ மெலிஞ்சி போறாய் தங்கச்சி," என்றார் மெதுவாக. "அந்தப் படம் தேறிட்டு வருது. பாரு, கன்னத்தப் பாரு."

அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில்தான் வாவிக்கரையில் வீரையாவைக் கண்டாள். "மாமோய்!" என்று ஆசையாகக் கூப்பிட்டாள். அவன் திரும்பினான், மூன்று தரம் காறித் துப்பினான், ஒரு கல்லை எடுத்து அவளை நோக்கி எறிந்துவிட்டு ஓடினான். ஓட்டத்தில் அவன் கத்தியது தெளிவாகவே கேட்டது: "செத்தவளே, உனக்கு எல்லாம் செஞ்சாச்சே! ஏன்டி பின்னால வர்ற?"

அவள் அங்கேயே வாவிக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். படம், கதிரை, மாலை, பூ, தீ எரிந்த காலை, பசிக்காத நாள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று சொல்வார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் குனிந்து தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. கண்ணை மூடினால் எப்படித் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது, பயந்து எழுந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிந்து தோட்டத்துக்கே போனாள். பின்னேரம், மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூலிகள் குடியிருக்கும் லயத்து நாய்கள் அவளைக் கண்டு குரைக்கவில்லை, வாலை ஒடுக்கிக்கொண்டு ஒதுங்கின. முதல் காம்பரா வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அடுத்ததும் சாத்தப்பட்டது. யாரோ உள்ளேயிருந்து மஞ்சள் தண்ணீரை வாசலில் வீசினார்கள். தான் பிறந்து வளர்ந்த லயத்தின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை, கதவுகள் சாத்துகிற சத்தத்துக்குள்ளே அவள் நடந்தாள்.

லயத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் நின்று அழுதாள். கொஞ்ச நேரத்தில் ரத்தினம்மா வந்தாள். கையில் வாழையிலையில் சோறு. அதைத் தரையில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள். செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற விதம் அது.

"அக்கா, என்னைப் பாரு. நான் சாகல."

"தெரியும்டி," என்றாள் ரத்தினம்மா.  "எங்க ஆளு வாவிக்கரையில பேயைக் கண்டேன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. பேய் மாமோய்னா கூப்பிடும்?"

"அப்ப சொல்ல வேண்டியதுதானே எல்லார்கிட்டயும்!"

"என்னத்தைச் சொல்ல? உடம்பு கிடைக்கலன்னு மாவுல உருவம் புடிச்சு, நீ விட்டுட்டுப் போன சேலையைச் சுத்தி எரிச்சோம். புஷ்பம் கொள்ளி வெச்சா. நெருப்பு வெச்ச கையோட அந்தப் புள்ள மயங்கி விழுந்துச்சு. அப்புறம் எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. உன்னை வேண்டிக்கிட்டேன், பொழைச்சிருச்சு. அதைக் கேட்டு நாலு பேரு வேண்டுனாங்க, அவங்க புள்ளைகளும் பொழைச்சிருச்சு. இப்ப குண்டசாலையில இருந்து புஷ்பத்தைக் கேட்டு வந்திருக்காங்க. நல்ல குடும்பம், சொந்தமா காணி இருக்கு. எதுக்குக் கேக்குறாங்க தெரியுமா? கதிரையம்மா மகள்னு கேக்குறாங்க."

வேலாயி இலைச் சோற்றைப் பார்த்தாள்.

"நீ உசிரோட வந்து நின்னா அவ யாரு மக? ஓடுகாலி மக. கங்காணி செத்துட்டான், அவன் சொன்ன சொல்லு சாகலியே." ரத்தினம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "உன் கால்ல விழுறேன் தங்கச்சி. செத்தவளாவே இரு."

வேலாயி தரையில் உட்கார்ந்து அந்த இலைச் சோற்றைத் தின்றாள். பசித்துத் தின்றாளா, அக்காள் மனம் ஆறட்டும் என்று தின்றாளா, தெரியாது. கடைசிப் பருக்கை வரை தின்றாள். பிறகு மலையிறங்கிக் கண்டிக்கு வந்து முஹைதீனிடம், "நானா, நான் யாருன்னு ஒரு நாளும் வாயைத் திறந்துராதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சித்திரை பிறந்த பிறகு, கல்யாணத்துக்கு முன்னால், அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை செல்லப்பா, அவனுடைய தாய் பாலம்மா, ரத்தினம்மா, நடுவிலே புஷ்பம். வேலாயி கதவோரம் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தையாய் விட்டுவந்த மகளைப் பதினைந்து வயதில் மறுபடி பார்க்கிறாள். கறுப்பையாவின் நெற்றி, கறுப்பையாவின் நடை. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினாள். வீரையா வரவில்லை, அவனுக்கு அந்தப் பக்கம் வரவே பயம்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பெற்றவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெற்றவள் செத்திருந்தால் அதை அவள் முன்னால் வைத்துப் படைத்து, அவள் வயதுள்ள ஒருத்தியை உடுத்தச் சொல்லி, செத்தவளே வந்ததாக எண்ணி அவள் காலில் விழுவார்கள். பாலம்மா சேலையைப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ரத்தினம்மா மூத்தவள், ஆகாது. பாலம்மாவின் கண் கதவோரம் வந்து நின்றது.

"இந்தக் கூட்டுற அம்மாவையே கட்டிக்கச் சொன்னா என்ன? அந்த ஆத்தாவோட காலடியிலேயே இருக்குறவங்க. ஏம்மா, உங்களுக்குச் சம்மதந்தானே?"

ரத்தினம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. வேலாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

பின்கட்டுக்குப் போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முஹைதீன் பழைய கதிரையைத் தூக்கிவந்து படத்தடியில் போட்டார். எவர்ட்ஸ் மாத்தையா உட்காரவைத்த அதே கதிரை. வேலாயி உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து வைத்திருந்தவரை அவள் கூட்டுகிறவள்தான். ஆனால் எதிரே மகள் நிற்கிறாள், பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து அவள் கண்ணை மூடினாள்.

 மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, ஒரே முகம். செல்லப்பா ஓரடி பின்னால் போனான். "ஆத்தா எறங்கிட்டா!" என்று பாலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு குலவையிட்டாள்.

புஷ்பம் மட்டும் பின்வாங்கவில்லை. வந்து விழுந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்கவில்லை. "பெரியம்மா, கால் சுடுது" என்றாள் சின்னக் குரலில்.

"ஆத்தா வந்தா அப்படித்தான் சுடும்" என்றாள் ரத்தினம்மா.

"ஒரு வார்த்தை சொல்லு தாயே," என்று பாலம்மா கைகூப்பினாள். "உம்மகளுக்கு ஒரு வாக்குச் சொல்லு."

வேலாயியின் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாகக் கிடந்தது அடக்க அடக்க மேலே வந்தது. சத்தியம், அக்காளின் கண்ணீர், குண்டசாலைக் காணி எல்லாவற்றையும் அது தள்ளிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறக்காமலேயே சொல்லிவிட்டாள்:

"நான் சாகலடி புஷ்பம். உசிரோடதான் இருக்கேன். உன்னைப் பார்த்துக்கிட்டு இங்கேயேதான் இருக்கேன்."

ரத்தினம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள். ஆனால் பாலம்மா தேம்பித் தேம்பி அழுதாள். "கேட்டியா செல்லப்பா, ஆத்தா வாக்கைக் கேட்டியா! நம்ம குடும்பத்துக்கு இனி ஒரு குறையும் வராது" என்று தரையில் நெற்றியை முட்டினாள். செல்லப்பாவும் விழுந்தான். உள்ளதை உள்ளபடி உரக்கச் சொல்லியும் அவள் பிழைக்கவில்லை.

எழுந்தபோது புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க பேரென்னம்மா?" என்று கேட்டாள்.

"கூட்டுறவளுக்குப் பேரு எதுக்குத் தாயி."

"வருஷா வருஷம் வருவேன். அப்பவும் நீங்கதான் உக்காரணும். வேற யாரும் வேணாம்."

வந்தாள். ஆடி மாதம், பெரஹராக் காலம், புதுச் சித்திரங்கள் மாறி மாறிச் சுவரேறும்போதெல்லாம் வந்தாள். வேலாயி அதே சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவாள். மகள் காலைப் பிடித்துக்கொண்டு தன் பாடுகளை மெல்லிய குரலில் சொல்லுவாள். மாமியார் நல்லவள், முதல் கரு நிலைக்கவில்லை, இரண்டாவது பெண். சில சமயம் பேச ஒன்றுமில்லாமலும் பிடித்துக்கொண்டிருப்பாள். வேலாயி அவளைக் கண்ணால் பார்த்த நேரத்தைவிடக் காலால் அறிந்த நேரம்தான் அதிகம். வருஷத்தின் மற்ற நாட்களெல்லாம் அவள் மெலிந்துகொண்டே போனாள். பக்கத்தில் போனால் கூட அவள் அங்கே நிற்பது சட்டென்று தெரியாது என்று உம்மு குல்சும் சொல்லுவாள். படமோ நாளுக்கு நாள் செழித்தது.

முப்பத்தொன்பதாம் ஆண்டு, பெரஹராவுக்கு முந்திய மழையில், ஒரு மத்தியானம் முஹைதீன் கடைசி அறைக்குப் போனார். வேலாயி கதிரையில் சாய்ந்து கண் மூடிக் கிடந்தாள். துடைப்பம் மடியில். தூங்குகிறாள் என்று திரும்பியவர், ஏதோ உறுத்த நின்று, மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். கீழே இருந்தவளிடம் மூச்சு இல்லை. மேலே இருந்தவளின் மூடிய இமை நீளத்துக்கு வெடித்து, உள்ளே கறுப்பாக ஒரு கீற்றுத் தெரிந்தது. கண்டி ஈரத்துக்குச் சாயம் வெடிப்பது வழக்கம்தான் என்றார் கியூரேட்டர் துரை. இருக்கலாம். முஹைதீன் அதற்குப் பிறகு அந்த அறைக்குத் தனியாகப் போகவில்லை.

அடுத்த மாதம் பெரஹராவுக்குப் புஷ்பம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வெறும் கதிரையைப் பார்த்தாள்.

"கூட்டுற அம்மா எங்க நானா?"

"மவுத்தாகிட்டா மகள். போன மாசம்."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அவங்களுக்கு யாருமே இல்லையே. காரியமெல்லாம் யாரு செஞ்சா?"

முஹைதீனுக்குத் தான் செய்துகொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. வாய் தவறக் கூடாது என்று வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அதெல்லாம் முந்தியே செஞ்சாச்சு மகள்."

புஷ்பம் குழந்தையைக் கதிரையில் உட்காரவைத்தாள். கொண்டுவந்த சாமந்தியைப் படத்தடியில் வைத்தாள். கும்பிட வந்த மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, கதவுக்குப் பின்னாலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். அன்றைக்குப் பூவைக் கூட்டி அள்ளியவள் அவள்தான்.